ஒளிநாடாவுக்கு உண்மை நகல்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு, 1980-களிலும் 1990-களிலும் ஊர்க் கல்யாணம் ஒவ்வொன்றும் இரண்டு முறை நடந்தது எனலாம். முதன்முறை அது ஊரில், முகூர்த்த நாளன்று நடந்தேறியது. இரண்டாம் முறை, ஓரிரு மாதங்கள் கழித்து, டெல்லியிலோ அன்றைய பம்பாயிலோ கல்கத்தாவிலோ நம் வீட்டுக் கூடத்தில் நடந்தது. விடுப்புக் கிடைக்காமையால் ஊர் செல்ல இயலாதவர்கள், ஜி.டி. எக்ஸ்பிரஸிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ வரும் உறவினர் ஒருவர் கொண்டுவரும் கறுப்புப் பெட்டிக்காகக் காத்திருப்பர். அது வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 'டெக்' ஒன்றை வாடகைக்கு எடுத்து, அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களையும் அழைத்து, மூன்று மணி நேரமும் எழுந்திராமல் பார்த்து முடிப்பர். காப்பியும் உண்டு, கண்ணீரும் உண்டு.

அப்பெட்டிகள் இன்று பெரும்பாலும் பரணில் கிடக்கின்றன. அரசாங்கக் குடியிருப்பிலிருந்து குடியிருப்புக்கு மாறும்போதெல்லாம் அவையும் கூடவே மாறுகின்றன. ஆனால் எவரும் அவற்றை எடுத்துப் பார்ப்பதில்லை, பார்ப்பதற்கு வீட்டில் கருவியும் இல்லை. அவற்றிலுள்ள படத்தையும் ஒலியையும் நெடுங்காலம் நிற்கக்கூடிய கணிப்பொறிக் கோப்புகளாக மாற்றிக்கொள்வது எவ்வாறு என்பதைப்பற்றியே இங்கு சொல்லப் புகுகிறேன். நான் பொறியியல் பயின்றவன் அல்லன். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். எனினும் மூலத்திலிருந்து ஒன்றைப் பெயர்த்தெடுக்கும்போது எது கை நழுவிப் போகும் என்னும் கவலை எனக்குப் பழக்கமானது. அக்கவலையே என்னை இத்துறையில் கொண்டுவந்து விட்டது. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் அப்பெட்டிக்குள் இருப்பது யாது என்று பார்ப்போம். வி.எச்.எஸ். என்னும் இம்முறையை ஜப்பானிய நிறுவனமான ஜே.வி.சி. 1976-ல் வெளியிட்டது. இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி 1982-ல் தொடங்கி, டெல்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டிப் பரவிற்று. டெக்கும் கேசட்டும் நம் வீடுகளை எட்டியது அதன் பிறகே. கேசட்டினுள் அரை அங்குல அகலமுள்ள நாடா ஒன்று இரு சக்கரங்களில் சுற்றப்பட்டிருக்கிறது. மூன்று மணி நேரக் கேசட்டில் அதன் நீளம் சுமார் 250 மீட்டர். நாடாவின் அடித்தளம் பாலியெஸ்டர்; அதன் ஒரு முகத்தில் இரும்பு ஆக்ஸைடின் நுண்துகள்கள் ஒருவகைப் பசையால் ஒட்டப்பட்டுள்ளன. கல்யாணம் முழுவதும் அத்துகள்களின் காந்த நிலையாகவே எழுதப்பட்டிருக்கிறது.

எழுதும் முறை வியக்கத்தக்கது. நாடா ஒரு விநாடிக்கு 2.34 சென்டிமீட்டர் மட்டுமே நகர்கிறது. பாட்டு கேட்கும் சாதாரண ஒலிநாடாகூட அதைப்போல் இருமடங்கு வேகத்தில் ஓடியது. அத்துணை மெதுவாக நகரும் நாடாவில் படத்தை எழுத இயலாது. ஆகவே நாடாவை 62 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருளை ஒன்றின்மேல் சாய்வாகச் சுற்றிவிட்டு, அவ்வுருளையை விநாடிக்கு 25 முறை சுழலச் செய்தார்கள். உருளையில் எதிரெதிராகப் பதித்த இரு காந்த முனைகள் நாடாவின்மேல் சாய்கோடுகளாக எழுதிக்கொண்டே செல்கின்றன. இதனால் முனைக்கும் நாடாவுக்கும் இடையேயுள்ள வேகம் விநாடிக்கு ஐந்து மீட்டரை நெருங்குகிறது. கோடுகள் எவ்வளவு மெல்லியவை எனில், ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் இருபது கோடுகள் அடங்கும். ஒவ்வொரு கோடும் அரைப்படம். ஒற்றைப்படை வரிகள் ஒரு கோட்டிலும் இரட்டைப்படை வரிகள் அடுத்த கோட்டிலுமாக, விநாடிக்கு 50 அரைப்படங்கள்.

ஒலியின் கதை வேறு. அது நாடாவின் ஓரத்தில், நீளவாக்கில் ஓடும் தனித் தடத்தில், அசையாத முனை ஒன்றினால் எழுதப்பட்டது. நாடாவின் வேகம் குறைவாகையால் அவ்வொலி மங்கலாகவே இருந்தது. இக்குறையை நீக்க 1984 அளவில் 'ஹை-ஃபை' என்னும் புதுமுறை வந்தது. சுழலும் உருளையிலேயே ஒலிக்கெனத் தனி முனைகளை வைத்து, ஒலியைத் துகள்படலத்தின் ஆழத்தில் முதலில் எழுதிவிட்டு, அதே இடத்தின் மேற்பரப்பில் படத்தை எழுதினார்கள். ஓலையின் ஒரே வரியில் அழுந்த ஒன்றும் மேலோட்டமாக ஒன்றுமாக இரண்டு செய்திகளைக் கீறியது போன்றது இது. இம்முறையில் பதிந்த நாடாவில் ஒலி இரண்டு இடங்களில் இருக்கும்: ஓரத்தடத்தில் ஒன்று, படத்தின் அடியில் ஒன்று. இதை நேயர்கள் நினைவில் வைக்கவேண்டும். எங்கள் வீட்டுக் கதை இதில்தான் நிற்கிறது.

என் சித்தியின் கல்யாணம் 1992-ல் கும்பகோணத்தில் நடந்தது. என் தந்தைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நாங்கள் டெல்லியிலேயே இருந்துவிட்டோம். பிறகு கேசட் வந்தது. நகல் எடுப்பது செலவு என்று கருதி மூலக் கேசட்டையே அனுப்பி, பார்த்துவிட்டுத் திருப்பியனுப்பும்படி சொல்லியிருந்தார்கள். (நாங்கள் இன்றுவரை திருப்பியனுப்பவில்லை.) அதில் மாலை நலங்கின்போது என் பாட்டி பாடுகிறாள். பாடுகிறாள் என்பதைக் கண்ணால் காணலாம். காதால் கேட்க இயலவில்லை. படமெடுத்தவர் அந்தப் பகுதி முழுவதும் ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்திருந்தார். அக்காலத்தில் அது ஒரு நாகரிகம். நன்றாகச் செய்ததாகவே அவர் எண்ணியிருப்பார். பாட்டி 1996-ல் காலமானாள். அவள் குரலின் பதிவு வேறெதுவும் இல்லை. அந்தச் சினிமாப் பாட்டு எங்கு ஒலித்தாலும் என் தாயார் எழுந்து உள்ளே போய்விடுவது வழக்கமாயிற்று.

சில ஆண்டுகளுக்குப் பின் கேசட்டை ஒரு கடையில் கொடுத்து டி.வி.டி.யாக மாற்றிக்கொண்டோம். கேசட்டை அவர்கள் திருப்பித் தந்தது எங்கள் நற்பேறு, 'இனி எதற்கு?' என்று கேட்டுக்கொண்டேதான் தந்தார்கள். டி.வி.டி.யில் படம் அகலவாட்டில் இழுக்கப்பட்டு மணப்பெண் பருத்திருந்தாள். பாட்டு அதே சினிமாப் பாட்டுதான். ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அந்த டி.வி.டி.யும் பாதியில் நிற்கத் தொடங்கியது. வீட்டில் பதிவு செய்யும் டி.வி.டி.க்களில் செய்தியைத் தாங்குவது ஒரு சாயப் படலம். ஒளியாலும் வெப்பத்தாலும் அது நிறம் கெட்டுவிடும். எனவே 2021-ல் மீண்டும் கேசட்டிடமே செல்லவேண்டியதாயிற்று. இம்முறை அலுவலக நண்பர் ஒருவரிடம் ஹை-ஃபை வசதியுள்ள பழைய டெக் இருந்தது. நலங்குக் காட்சி வந்தபோது சினிமாப் பாட்டு வரவில்லை. பாத்திரங்களின் ஓசை, எவரோ குழந்தையை அதட்டும் குரல், அவற்றினிடையே பாட்டி. சற்றுச் சுருதி விலகி, மூச்சு வாங்கி, நடுவில் ஒரு வரியை மறந்து சிரித்து, மீண்டும் எடுத்துப் பாடுகிறாள்.

நடந்தது இதுவே. படமெடுத்தவர் பாட்டைச் சேர்த்தது ஓரத்தடத்தில் மட்டும். படத்தின் அடியில் ஆழ்ந்திருந்த ஹை-ஃபை ஒலியை, படத்தை அழிக்காமல் மாற்ற இயலாது. ஆகவே அது அப்படியே இருந்தது. வாடகை டெக்கும் கடைக்காரரின் கருவியும் ஓரத்தடத்தை மட்டுமே படிக்க வல்லவை. எங்களிடம் இருந்தது கேமராவிலிருந்து வந்த மூலமாக இல்லாமல், அதிலிருந்து எடுத்த நகலாக இருந்திருந்தால் இவ்வொலி நமக்குக் கிடைத்திராது. எல்லாக் கேசட்டிலும் இவ்வாறு அமையும் என்று நான் சொல்லவரவில்லை. பல கேமராக்களில் ஹை-ஃபை வசதியே கிடையாது. ஆயினும் நகல் எடுப்பவரின் கருவி எதைப் படிக்கிறதோ அது மட்டுமே நகலில் வரும் என்பதை இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து நாங்கள் அறிந்துகொண்டோம்.

இனி, இவ்வேலையில் விரைவு ஏன் வேண்டும் என்பது. நாடா இரு வழிகளில் அழிகிறது. ஒன்று, தன்னால். துகள்களைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்து பிசுபிசுக்கும். அப்போது நாடா கருவியில் ஒட்டிக்கொண்டு துகள்களை இழக்கும். இது பழைய தொலைக்காட்சி நிலைய நாடாக்களில் அதிகம், வி.எச்.எஸ். கேசட்டுகளில் குறைவு. நம் வீட்டுக் கேசட்டுகளுக்குப் பெரும்பகை பூஞ்சை. மும்பை, கொல்கத்தா, கொச்சி போன்ற ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் வாழ்வோர் கேசட்டின் சிறு கண்ணாடி வழியே பார்த்தால், நாடாச் சுருளின் விளிம்பில் வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ படர்ந்திருப்பதைக் காணலாம். அத்தகைய கேசட்டை எக்காரணம் கொண்டும் டெக்கில் இடக்கூடாது. நாடா அறுபடலாம், அன்றியும் பூஞ்சை கருவியின் முனைகளில் அப்பி, அடுத்து இடும் நல்ல கேசட்டுகளுக்கும் தொற்றும். தனியே எடுத்துவைத்து, இப்பணியில் தேர்ந்தவரிடம் தரவேண்டும். நாமே திறந்து துடைக்க முனைவது நாடாவுக்கும் கேடு, மூச்சுக்கும் கேடு.

மற்றொன்று, கருவியால். இதுவே முன்னதாக வந்துவிட்டது. சோனி நிறுவனம் தன் பீட்டாமேக்ஸ் கேசட்டுகளின் விற்பனையை 2016 மார்ச்சில் நிறுத்தியது. உலகில் வி.எச்.எஸ். டெக் செய்துவந்த கடைசி நிறுவனமாகிய ஜப்பானின் ஃபுனாய், அதே ஆண்டு ஜூலையில் உற்பத்தியை முடித்துக்கொண்டது. இப்போது உலகெங்கும் ஓடுபவை யாவும் பழைய டெக்குகள். உருளையிலுள்ள முனைகள் தேய்கின்றன. ரப்பர் வளையங்கள் இறுகுகின்றன. பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெறுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே 'காலக்கெடு 2025' என்னும் பெயரால் ஓர் எச்சரிக்கை விடுத்தது: அவ்வாண்டுக்குள் மாற்றப்படாத காந்த நாடாக்கள் பெரும்பாலும் மீட்க இயலாதவையாகும் என்று. யுனெஸ்கோவும் 2019-ல் இதே பொருள்பற்றி உலகெங்கும் உள்ள காப்பகங்களை எச்சரித்தது. அந்த 2025-ம் வந்து சேர்ந்துவிட்டது. நாடாக்கள் அந்த ஆண்டோடு ஒரே நாளில் வெறுமையாகிவிடவில்லை. ஆனால் அவற்றைப் படிப்பதற்கு ஆகும் செலவும் தேடலும் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போகின்றன.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன என்பது நமக்கு ஒருவகை ஆறுதல். 1969-ல் மனிதன் நிலவில் முதன்முதல் கால்வைத்த காட்சி, உலகம் தொலைக்காட்சியில் கண்டதைவிடத் தெளிவாக மூல நாடாக்களில் பதிவாகியிருந்தது. பின்னாளில் தேடியபோது அவை அகப்படவில்லை. நாடாப் பற்றாக்குறையால் அவை அழிக்கப்பட்டு வேறு பதிவுகளுக்குப் பயன்பட்டிருக்கவேண்டும் என்று நாஸா 2009-ல் அறிவித்தது.

வேலைக்கு வருவோம். கேசட்டின் முதுகுப்புற ஓரத்தில் சிறு பிளாஸ்டிக் தகடு ஒன்று இருக்கும். அதை முதலில் ஒடித்துவிடுங்கள். பிறகு தவறிப் பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவின்மேல் புதிது பதியாது. பூஞ்சையில்லாத நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டி, மீண்டும் முதலுக்குச் சுற்றினால், ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த இறுக்கம் சீர்ப்படும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட்டாயின், அது என்.டி.எஸ்.சி. என்னும் வேறு முறையில் பதிந்தது. நம் நாட்டின் பால் முறைக்கு மட்டும் அமைந்த டெக்கில் ஒழுங்காகத் தெரியாது. அது கெட்டுப்போய்விட்டது என்று எண்ணித் தூர எறிந்தவர்களை நான் அறிவேன்.

டெக்கிலிருந்து வரும் மின்னலையைக் கணிப்பொறி ஏற்கும் எண்களாக மாற்றுவதற்கு ஒரு கருவி வேண்டும். தொலைக்காட்சி நிலையங்களுக்கென 1982-ல் வகுத்த முறைப்படி, மின்னலையின் அளவு ஒரு விநாடிக்கு ஒரு கோடியே 35 லட்சம் தடவை அளந்து எழுதப்படுகிறது. பால் முறைப் படத்தில் வரிக்கு 720 புள்ளிகள், 576 வரிகள். இங்கு ஒரு சிக்கல் உண்டு. டெக் இயந்திர உறுப்புகளால் ஓடுவது. உருளையின் வேகத்தில் இம்மியளவு ஏற்றத்தாழ்வு இருந்தாலும் வரிகள் சரியான கணத்தில் தொடங்கா. தூண்கள் நெளியும், வாழைமரம் காற்றில்லாமலே ஆடும். வரிகளைப் பிடித்துவைத்து ஒழுங்கான காலத்தில் விடுவிக்கும் கருவிக்கு 'டைம் பேஸ் கரெக்டர்' என்று பெயர். உயர்தரமான சில டெக்குகளில் அது உள்ளமைந்தே இருக்கும். மலிவான மாற்றுக் கருவிகளில் இவ்வொழுங்கு இல்லாமையால் இடையிடையே படங்கள் விடுபட்டு, வாயசைவும் சொல்லும் பொருந்தாமற் போவதுண்டு. கடையில் கொடுப்பதானால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: டெக்கில் ஹை-ஃபை ஒலி உண்டா? டைம் பேஸ் கரெக்டர் உண்டா? மூலக் கேசட் திரும்பி வருமா? முகம் சுளிக்காமல் விடை சொல்பவரிடம் கொடுக்கலாம். மூன்று மணி நேரக் கேசட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆகும். அதற்குக் குறுக்கு வழியில்லை. ஒரே நாளில் இருபது கேசட்டை ஒற்றை டெக்கில் முடித்துத் தருவதாகச் சொல்பவரைப்பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மாற்றும்போது படத்தைத் திருத்தவேண்டாம். அரைப்படங்களை அரைப்படங்களாகவே, நான்குக்கு மூன்று என்னும் பழைய வடிவிலேயே எடுத்துக்கொள்ளவேண்டும். இக்காலத்தில் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மங்கலான முகங்களைத் தெளிவாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். அவ்வியந்திரம் செய்வது யாதெனில், வேறு ஆயிரக்கணக்கான முகங்களைக் கண்ட பழக்கத்தால், இங்கும் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு முகத்தை வரைந்துவிடுவதே. மூலத்தில் இல்லாத சொல்லை அழகுக்காகச் சேர்க்கும் மொழிபெயர்ப்பாளனை நாங்கள் மன்னிப்பதில்லை. பார்த்து மகிழ்வதற்கான தனி நகலில் அதைச் செய்துகொள்ளட்டும். காப்பு நகலில் பாட்டியின் முகம் மங்கலாயினும் அவள் முகமாகவே இருக்கட்டும்.

காப்பு நகல் என்றும் பார்வை நகல் என்றும் இரண்டு கோப்புகள் வேண்டும் என்பது இதனால் விளங்கும். எண்களை எவ்விதச் சுருக்கமுமின்றி வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 75 ஜி.பி. இடம் பிடிக்கும். ஒன்றையும் இழக்காமலே சுருக்கும் முறைகள் உள்ளன, அவற்றுள் எஃப்.எஃப்.வி.1 என்பது உலகின் பல காப்பகங்கள் கைக்கொண்டது. அது எந்த நிறுவனத்தின் தனிச்சொத்தும் அன்று. அதன் விதிகள் யாவரும் படிக்கும்படி 2021-ல் தரப்பத்திரமாக வெளியிடப்பட்டுள்ளன. நாளை இன்றைய மென்பொருள்கள் எல்லாம் மறைந்தாலும், அவ்விதிகளைப் படித்து ஒருவர் புதிதாகக் கருவி செய்துகொள்ளலாம். இம்முறையில் இடம் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ அடங்கும். பார்வை நகலுக்கு எல்லோரும் அறிந்த எம்.பி.4 போதும், மணிக்கு இரண்டு ஜி.பி. அளவில் முடியும், கைபேசியில் அனுப்பலாம். ஆனால் அது பலவற்றை விட்டுவிட்டுச் சுருக்கியது. அதிலிருந்து மூலத்தை மீளப் பெற முடியாது. பலர் இந்த எம்.பி.4-ஐ மட்டும் வாங்கிக்கொண்டு கேசட்டைக் குப்பையில் இடுகிறார்கள்.

1990-களில் வந்த மினி டி.வி. என்னும் சிறு கேசட்டுகள் வைத்திருப்போர்க்கு வேலை எளிது. அவற்றில் பதிவே எண்முறையில் உள்ளது. ஃபயர்வயர் என்னும் இணைப்பு வழியே அவ்வெண்களை அப்படியே பெயர்த்துக்கொள்ளலாம், மணிக்கு 13 ஜி.பி. அளவில். ஆனால் புதிய கணிப்பொறிகளில் அவ்விணைப்புக்கான துளை காண்பதரிது. பழைய கணிப்பொறி ஒன்றைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கும்.

அலுவலகத்தில் நகல் ஒன்றை ஏற்பதற்கு, மூலத்தோடு ஒப்புநோக்கி 'உண்மை நகல்' என்று எழுதி ஒருவர் கையொப்பமிடவேண்டும். கணிப்பொறிக் கோப்புக்கும் அத்தகைய கையொப்பம் உண்டு. ஷா-256 என்னும் கணக்குமுறை ஒன்று கோப்பு முழுவதையும் படித்து, 64 எழுத்தும் எண்ணுமான ஓர் அடையாளத்தைத் தரும். 30 ஜி.பி. கோப்பில் ஒரே ஓர் இலக்கம் மாறினாலும் அவ்வடையாளம் முற்றிலும் வேறாகிவிடும். அதைச் செய்யும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. கோப்பை உருவாக்கிய அன்றே அவ்வடையாளத்தைக் குறித்துவைத்து, ஆண்டுக்கொருமுறை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால், கோப்பு கெட்டதா இல்லையா என்பது தெரியும். கெட்டிருந்தால் மற்றொரு நகலிலிருந்து திருத்திக்கொள்ளலாம். ஆகையால் நகல் ஒன்று போதாது. மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேற்றூரில் என்பது காப்பகத்தார் வழக்கம். பிழைப்புக்காகப் பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் நம் குடும்பங்களுக்கு இது ஒன்று மட்டும் வசதியாக அமைந்திருக்கிறது. எங்கள் நகல்களில் ஒரு ஹார்ட் டிஸ்க் டெல்லியிலும், ஒன்று கும்பகோணத்தில் சித்தியின் பீரோவிலும், மூன்றாவது இணையச் சேமிப்பிலும் உள்ளன. டெல்லியில் வெள்ளமோ கும்பகோணத்தில் திருட்டோ நேர்ந்தாலும் நலங்கு தப்பும்.

ஹார்ட் டிஸ்க்கும் சிரஞ்சீவி அன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றவேண்டும். பெருங்காப்பகங்கள் தங்கள் கோப்புகளை எல்.டி.ஓ. என்னும் காந்த நாடாவிலேயே சேமிக்கின்றன என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாடாவிலிருந்து தப்பிப் போய் நாடாவிலேயே விழுகிறார்களே! ஆனால் அவர்கள் நாடாவை நம்பியிருக்கவில்லை. சில ஆண்டுகளுக்கொருமுறை புது நாடாவுக்குப் பெயர்க்கும் பழக்கத்தையே நம்பியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1086-ல் எழுதப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கு ஏட்டின் 900-ஆம் ஆண்டு நினைவாக, 1986-ல் பி.பி.சி. நாட்டு மக்களின் வாழ்க்கையை லேசர் தட்டுகளில் தொகுத்து வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளில் அத்தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அருகி, ஆராய்ச்சியாளர்கள் பெருமுயற்சி செய்து மீட்கவேண்டியதாயிற்று. தோலில் எழுதிய பழைய ஏடு என்றும்போல் படிக்கத்தக்கதாகவே இருந்தது. நம் பனையோலைகளும் பெயர்த்தெழுதியதால் நின்றவையே. உ. வே. சாமிநாதையர் தேடிச் சென்ற இடங்களில், பெயர்த்தெழுதும் வழக்கம் நின்றுபோன வீடுகளில் ஏடுகள் ஆற்றோடும் அடுப்போடும் போயிருந்தன.

நம் கேசட்டுகளில் குடும்பத்துக்கு மட்டுமன்றிப் பிறர்க்கும் பயன்படும் பதிவுகள் இருக்கக்கூடும்: தலைநகரக் கோவிலொன்றில் நடந்த நாகசுர விழா, தமிழ்ச் சங்கத்து நாடகம், ஊரில் இப்போது ஆடுவாரற்ற தெருக்கூத்து. டெல்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் கலைத்துறை ஒலி-ஒளிப் பதிவுகளை எண்முறையில் தொகுத்து வருகிறது. 1982-ல் தொடங்கப்பட்டு, இப்போது குருகிராமில் இயங்கும் இசையியல் ஆவண, ஆராய்ச்சி மையமும் இத்தகைய பதிவுகளைப் பேணுகிறது. அத்தகைய கேசட் வைத்திருப்போர் இந்நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்பது நன்று. பிரசார் பாரதியும் தன் பழைய நாடாக்களை மாற்றி, அவற்றுட் பலவற்றை யாவரும் காண இணையத்தில் வெளியிட்டு வருகிறது.

கேசட்டை, மாற்றியபின்னும் வைத்திருங்கள். முழுவதும் ஒரு பக்கமாகச் சுற்றி, புத்தகம்போல் நிறுத்தி, ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு விலக்கி, சமையலறைச் சுவரும் குளியலறைச் சுவரும் அல்லாத சுவரோரமாக. காந்த முனையிலிருந்து வரும் மூல மின்னலையையே நேராகப் பதிந்துகொண்டு, டெக் செய்யும் வேலைகளை எல்லாம் மென்பொருளால் செய்யும் முயற்சி ஒன்று இப்போது ஆர்வலரிடையே நடந்து வருகிறது. இன்று நாம் எடுப்பதைவிட நல்ல நகல் அதனால் கிடைக்கலாம்.

இறுதியாக, கோப்புக்குப் பெயர். 'வீடியோ 1' என்று பெயரிட்ட கோப்பு, முகவரியில்லாத கடிதம். ஆண்டு, மாதம், ஊர், நிகழ்ச்சி, எந்தக் கேசட்டிலிருந்து எடுத்தது, எந்தக் கருவியால் எடுத்தது ஆகியவற்றைப் பெயரிலும் கூடவே ஒரு சிறு குறிப்பிலும் எழுதிவையுங்கள். அதைவிட அவசரமானது, படத்தில் இருப்பவர் யார் என்பது. நாடாவைப் படிக்கும் கருவியைப்போலவே, அம்முகங்களைப் படிக்க வல்லவர்களும் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.

என் தாயாரை அருகில் அமர்த்திக்கொண்டு நலங்குக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். கூடத்தில் பதினேழு பெண்கள். பதினான்கு பேரை அவர் உடனே சொல்லிவிட்டார். ஒவ்வொருவருக்கும் பெயரோடு ஊரும், எந்த வழியில் உறவு என்பதும், சிலருக்கு நான் எழுதிக்கொள்ளாத செய்திகளும். எஞ்சிய மூவரின் படத்தைக் கைபேசியில் சித்திக்கு அனுப்பினோம். இருவர் இன்னாரெனச் சித்தி சொன்னாள். பாட்டிக்குப் பின்னால், தூணருகே, அவள் வரியை மறந்தபோது எடுத்துக் கொடுத்தவளைப்பற்றிக் கேட்டதற்கு, "தெரியலையேப்பா, பக்கத்து வீட்டுக்கு வந்தவளா இருக்கும், அக்காவையே கேளு" என்றாள். அக்காவாகிய என் தாயாருக்கும் தெரியவில்லை. குறிப்பேட்டில் இப்படி எழுதிவைத்திருக்கிறேன்: '1 மணி 42 நிமிடம், தூணருகில், நீலப் புடைவை, பாட்டை எடுத்துக் கொடுத்தவர், பெயர் தெரியவில்லை.'